டூரிங் டாக்கீஸ் ஆம்ப்

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் சாயங்காலச் சங்கு ஊதி, சைக்கிள் கூட்டம் தெருவைக் கடந்து ஓய்ந்த பிறகுதான் சித்தப்பா பேஸ் கிட்டாரைக் கையில் எடுப்பார். பகல் முழுக்க ரேடியோ ரிப்பேர். எங்கள் வீட்டின் முன்னறைதான் அவருக்குக் கடை. முதுகுப் பலகை கழற்றிய ரேடியோக்கள் அலமாரி நிறையக் கிடக்கும். ஈயம் பற்றவைக்கும்போது எழும் ரோசின் புகை அந்த அறையின் சுவரிலேயே ஊறியிருந்தது. ராத்திரியானால் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு அவர் பேஸ் வாசித்தார். கல்யாணம், கோவில் திருவிழா, திருவெறும்பூர் பெல் டவுன்ஷிப்பில் ஆண்டு விழா என்று மாதத்தில் பாதி இரவுகள் வெளியில்தான்.

பேஸ் எனக்கு முதலில் வந்து சேர்ந்தது சமையலறை வழியாக. அவர் முன்னறையில் வாசிக்க ஆரம்பித்தால், இங்கே அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். எந்தச் சுரத்துக்கு எந்தப் பாத்திரம் அதிரும் என்பது எனக்கு மனப்பாடம். ஒரு சுரத்துக்கு ஜன்னல் கம்பி மட்டும் பேசும். இன்னொன்றுக்குத் தண்ணீர்க் குடத்தின் மூடி. சித்தி “போதும், பால் பாத்திரம் இறங்கி வந்துரும்” என்று குரல் கொடுப்பார். நான் ஓடிப்போய் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். “கையை எடுக்காதே பாப்பா, இப்ப இறங்கப் போறேன்” என்று சொல்லிவிட்டு, மேலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கி, தடித்த இ கம்பியை வெறுமனே தட்டுவார். அந்த ஒலி கையில் ஏறி, தோள் வழியாகத் தாடைவரைக்கும் வரும்.

அந்த கிட்டார் எப்படி வந்தது என்பதில் பொன்மலையின் கதையும் கொஞ்சம் இருக்கிறது. 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தபோது ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் நிறைய வந்து குடியேறின. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கிறிஸ்துமஸ், புது வருஷ நடனங்கள் நடக்கும். அதற்கு பேண்டு வேண்டும், பேண்டுக்கு டிரம்ஸ், கிட்டார், பேஸ் வேண்டும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பின. வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனார்கள். அப்படிக் கிளம்பிய ஒரு அங்கிளிடமிருந்து சித்தப்பா அந்த பேஸை வாங்கினார். கொஞ்சம் ரொக்கம், மீதிக்கு அவருடைய ரேடியோகிராமைப் பழுது பார்த்துக் கொடுத்தது. ஜப்பானில் செய்தது. சிவப்பு நிறம், ஓரத்தில் கறுப்பாக இருளும். தலைப்பக்கத்தில் பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும். என்ன கம்பெனி என்பது இன்றுவரை நிச்சயமில்லை. வெளிநாட்டு வாத்தியத்துக்கு இறக்குமதி வரி கழுத்தை நெரித்த காலம் அது. பெயரில்லாத ஜப்பான் பேஸ் கைக்கு வந்ததே எங்கள் வீட்டில் பெரிய செய்தி.

இன்றைக்குப் பழைய பேஸ் என்றதும் ஆட்களுக்குக் கண் விரிகிறது. எந்த வருஷம், என்ன மரம், பெயின்ட் அசலா, திருகு அசலா என்று கேட்கிறார்கள். எனக்கும் பழைய பேஸ்கள் மேல் பெரும் பிரியம் உண்டு. கையில் வந்ததை எல்லாம் பிரித்துப் பார்த்திருக்கிறேன், வாசித்திருக்கிறேன். ஆனாலும் சித்தப்பாவின் முன்னறையில் வளர்ந்ததால், பழைய ஒலி எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கு வேறு கருத்து. மரத்துக்கு அதில் பங்கு கொஞ்சம். கம்பி, அதன்மேல் அழுந்துகிற விரல், பெட்டிக்குள் எரியும் வால்வு, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு, அது உட்கார்ந்திருக்கும் பெட்டி, இவையெல்லாம் சேர்ந்து ஒரே வாத்தியம். கிட்டாரை மட்டும் தனியே எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்தால் மிஞ்சுவது தச்சு வேலை.

கம்பியிலிருந்தே தொடங்குகிறேன். அங்கிளிடமிருந்து வந்தபோது அதில் இருந்தவை ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள். நடுக் கம்பியைச் சுற்றித் தட்டையான நாடா போன்ற உலோகத்தைச் சுற்றியிருப்பார்கள். விரலை ஓட்டினால் வழவழவென்று போகும், சரசரப்பு கேட்காது. உருண்டைக் கம்பியைச் சுற்றினால் அது ரவுண்ட்வவுண்ட். பளீரென்ற ஓசை அதற்கு. 1966-ல் ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசில் ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு உட்கார்ந்து அதைத் தன் கைக்கேற்பச் செய்யவைத்த பிறகு ராக் உலகம் முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. திருச்சியில் மற்ற குழுக்காரர்களும் எப்படியாவது ரவுண்ட்வவுண்ட் தேடிப் பிடித்தார்கள். சென்னை பர்மா பஜாரில் சொல்லி வைத்து வாங்க வேண்டும். அது வாசித்து வாசித்து அழுக்கேறி மந்தமானதும் கழற்றி, பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்துத் துடைத்து மறுபடி மாட்டுவார்கள். ரசம் வைக்கிற பாத்திரத்தில் கம்பி கொதிப்பதை வேறொரு குழுக்காரர் வீட்டில் நானே பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா அந்தப் பக்கமே போகவில்லை. “பேஸ் பளபளன்னு கேட்டா லீட் கிட்டார்க்காரனுக்கு இடம் எங்கே?” என்பார். பிரிட்ஜ் என்கிற பாலத்தின் பக்கம், கம்பிகளுக்கு அடியில் பழைய பஸ் சீட்டின் ஸ்பாஞ்சை விரற்கடை அகலத்துக்கு வெட்டிச் செருகியிருந்தார். தட்டியதும் சுரம் கொழுப்பாகக் கிளம்பும், நீளாமல் அடங்கும். அடுத்த சுரத்துக்கு வழி விடும். அந்த ஸ்பாஞ்சைச் செருகுவதும் எடுப்பதும்தான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. உயரம் சரியாக இருக்க வேண்டும். கூடினால் சத்தம் செத்துவிடும், குறைந்தால் ஸ்பாஞ்ச் இருந்தும் பிரயோசனமில்லை. நான் செருக, அவர் தட்ட, “இன்னும் ஒரு நூல் கீழே” என்று சொல்லச் சொல்ல, காது பழகியது.

அதே காலத்தில், அதற்கும் முன்பே, டெட்ராய்ட் நகரத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற மேதை இதையேதான் செய்துகொண்டிருந்தார் என்று தெரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று. மோடவுன் கம்பெனியின் அறுபதுகளின் பாட்டுகளில் கேட்கும் பேஸில் பெரும்பகுதி அவருடையது. 1962-ம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள், பாலத்தின் மூடிக்கடியில் ஸ்பாஞ்ச். கம்பியை அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அழுக்கில்தான் அந்த ஃபங்க் இருக்கிறது என்பது அவர் கட்சி. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே வாசிப்பார். அந்த விரலுக்கு ‘கொக்கி’ என்று பேரே வைத்திருந்தார்கள். 1983-ல் அவர் இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த பேஸ் திருட்டுப் போயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸில் கரோல் கேயும் கம்பிமேல் தடுப்பு வைத்து, பிக் கொண்டு வாசித்துப் பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ உட்பட எத்தனையோ பதிவுகளுக்கு அடித்தளம் போட்டார். இவர்கள் பேரைக்கூட அறியாமல் பொன்மலையில் ஒருவர் அதே முடிவுக்கு வந்திருந்தார். தாளத்துக்கு ஆள் ஆட வேண்டும், பாட்டுக்காரர் குரல் மேலே கேட்க வேண்டும் என்று இரண்டு தேவைகளையும் சேர்த்து யோசிக்கிற எந்த ஊர் பேஸ்காரனும் அங்கே வந்து சேருவான் என்றுதான் நினைக்கிறேன்.

ஆம்ப் கதை இன்னும் நீளம். எங்கள் பக்கம் டூரிங் டாக்கீஸ்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. கீற்றுக் கொட்டகையைப் பிரித்து விற்றார்கள், பெஞ்சுகளை விற்றார்கள், புரொஜெக்டரைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். லால்குடிப் பக்கத்தில் அப்படிக் கலைத்த ஒரு கொட்டகையிலிருந்து வால்வு ஆம்ப்ளிஃபயரின் சேஸிஸை சித்தப்பா சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வசனம் பேசிய பெட்டி. அதில் அவருக்கு வேண்டியிருந்தது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். கையால் தூக்க முடியாத கனம். “இந்த இரும்பிலதான் பேஸ் இருக்கு” என்று அதைத் தட்டிக் காட்டுவார். அது உண்மை. கீழ்ஸ்தாயி ஒலியை நசுங்காமல் கொண்டுசெல்ல டிரான்ஸ்ஃபார்மரின் நடுவில் இரும்புத் தகடு நிறைய இருக்க வேண்டும். இரும்பை மிச்சம் பிடித்த ஆம்பில் இ கம்பி அழும்.

பெங்களூர் பி.இ.எல். செய்த இ.எல்.34 வால்வுகள் இரண்டு ஜோடியாக அவுட்புட்டில். சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது. முதலில் வால்வுகளின் உள்ளே இழை செக்கச் செவேலென்று பிடிக்கும், கண்ணாடி சூடேறும், அப்புறம் தூரத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல் ஸ்பீக்கர் உயிர் பெறும். ஆம்பில் வேலை செய்யும்போது சித்தப்பா கடைப்பிடித்த ஒரு ஒழுங்கு உண்டு. சேஸிஸ் திறந்திருக்கும்போது இடது கையை எப்போதும் முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொள்வார். வலது கை மட்டும்தான் உள்ளே போகும். வால்வு ஆம்பில் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். ஒரு ரெசிஸ்டரை வயரில் கட்டி வைத்து, அதைத் தொட்டுக் காலி செய்துவிட்டு, மீட்டரில் முள் கீழே இறங்குவதைப் பார்த்த பிறகே மறு கை வெளியே வரும். நானும் என் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

அந்த ஆம்பில் மெல்லிய ‘ம்ம்ம்’ ஒன்று எப்போதும் இருந்தது. ஹம் என்பார்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சியாக அலைவது. பேஸில் இ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வருகிற ஜி சுரம் 49. இரண்டும் ஒட்டி ஒட்டி வரும்போது ஒன்றோடொன்று மோதி ஒலி பெரிசாகிச் சிறிசாகி அலையும். சித்தப்பா பிட்ச் பைப்பைத் தேடாத நாட்களில் இந்த அலையை எண்ணியே சுருதி சேர்த்தார். நொடிக்கு ஓர் அலை வந்தால் ஜி சரி. ஆனால் எங்கள் மாநிலத்தில் அப்போது மின்தட்டுப்பாடு. சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் அந்த 50 கீழே இறங்கும். ஹம்மும் ஜி-யும் ஒன்றாகிவிடும். “கரண்ட்டு சுருதி இறங்கிருச்சு” என்று சொல்லிவிட்டு ஹார்மோனியத்தைத் திறப்பார். மின்வாரியத்தின் சுமையைப் பேஸ் கம்பியில் அளந்த மனிதர் வேறு யாராவது இருந்திருப்பார்களா தெரியாது. இருந்திருக்க வேண்டும் என்று ஆசை.

ரேடியோ மெக்கானிக் ஒருவர் பேஸுக்கு ஆம்ப் கட்டுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பேஸ் கிட்டாரே ரேடியோ மெக்கானிக் ஒருவர் தந்ததுதான். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர் லியோ ஃபெண்டர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. கடைக்கு வந்த வாத்தியக்காரர்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்டார். நடன பேண்டுகளில் ஆளுயர டபுள் பேஸைச் சுமந்துகொண்டு வருகிறவனின் சத்தம் டிரம்ஸிலும் பித்தளை வாத்தியங்களிலும் மூழ்கிப்போகிறது. ஃப்ரெட் இல்லாததால் விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சுரம் பிசகுகிறது. 1951-ல் அவர் கொண்டுவந்த பேஸில் ஃப்ரெட் இருந்தது, சுரம் துல்லியமாக நின்றது. அதனால்தான் பிரிசிஷன் என்று பெயர். கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், காரில் வைக்கலாம். சியாட்டிலில் பால் டுட்மார்க் முப்பதுகளிலேயே ஒரு மின் பேஸ் செய்திருந்தார், அது பரவவில்லை. ஃபெண்டர் தன் பேஸுக்கென்று மறு வருஷமே பேஸ்மேன் என்ற ஆம்பையும் சேர்த்து விற்றார். அந்தக் கூட்டு யோசனையை நான் ரொம்ப மதிக்கிறேன். வாத்தியம் பாதி, பெட்டி பாதி என்று முதலிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

பேஸ்மேன் பின்னால் கிட்டார்க்காரர்கள் கைக்குப் போய்விட்டது. நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர் வைத்த 1959-ம் வருஷத்து மாடலைக் கொஞ்சம் அதிகமாகத் திருகினால் ஒலி அழகாக உடைந்தது. லண்டனில் ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்பை அதைப் பார்த்துத்தான் செய்தார். பேஸ்காரனுக்கு ஏற்ற பெட்டியை 1960-ல் ஆம்பெக் கொண்டுவந்தது: பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸ். பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 25 வாட்தான். ஆம்பைத் திருப்பி ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டித் தூக்கிப் போகலாம். அதில் ஒரு முறை வாசிக்கக் கொடுத்துவைத்தது. தட்டியதும் சுரம் முன்னால் பாயவில்லை, அறை முழுக்கச் சமமாகப் பரவியது. ஓங்கி அடித்தபோது ஒலியின் முனை தானாக மழுங்கிக் கனம் மட்டும் கூடியது. வால்வு ஆம்ப் திணறும்போது அப்படித்தான், முதலில் முனையை மழுக்கும், வெட்டுவது அப்புறம்தான். 1969-ல் ஆம்பெக் எஸ்.வி.டி. வந்தது. 300 வாட், வால்வுகள் மட்டுமே பதினாலு. ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருஷத்துப் பயணத்தில் அதை மேடையில் ஏற்றினார்கள். பெரிய மைதானத்துக்கு அது வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். என் மனசு 25 வாட் பக்கம்.

கச்சேரி இரவுகளுக்கு வருகிறேன். லீவு நாட்களில் என்னையும் வேனில் ஏற்றிக்கொள்வார். மணப்பாறை, லால்குடி, சமயபுரத்தில் பூச்சொரிதல். மேடையின் பின்பக்கம், ஸ்பீக்கர் பெட்டிக்கும் டிரம்ஸ் மேடைக்கும் நடுவில் ஒரு சமுக்காளத்தை மடித்துப் போட்டு உட்காரவைப்பார்கள். மக்கள் பார்க்கிற பக்கம் எனக்குத் தெரியாது. பாடகர்களின் முதுகு, காங்கோக்காரரின் பிளாஸ்டர் சுற்றிய விரல்கள், தரையில் பாம்பாகக் கிடக்கும் ஒயர்கள், இவைதான் என் கச்சேரி. ஜெனரேட்டர் சுமை ஏறி முனகும்போது ஆம்பின் பைலட் விளக்கு மங்கும், சித்தப்பா திரும்பிப் பார்ப்பார். அவர் கண்ணால் காட்டினால் நான் ஸ்டெபிலைசரின் குமிழை ஒரு படி திருப்ப வேண்டும். மேடையில் எனக்கு அவ்வளவு பெரிய பொறுப்பு இருந்தது.

முதல் பாதி விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டுகள். அவற்றில் பேஸ் பெரும்பாலும் நடை பிடிக்கும். ராகத்தின் ஆதாரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் மாறி மாறி ஊன்றிக்கொண்டு போகும். சித்தப்பா அதை அலட்டிக்கொள்ளாமல் வாசிப்பார். இரண்டாம் பாதியில் இளையராஜா பாட்டுகள் வந்ததும் அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு, குறிப்பாக எண்பதுகள் பிறந்த பிறகு, பேஸ்காரர்களின் வாழ்க்கையே மாறிவிட்டது. பேஸ் ஊன்றிக்கொண்டு நிற்காமல் தானே பாட ஆரம்பித்தது. ‘மூடுபனி’யில் யேசுதாஸ் கிட்டாரோடு பாடுகிற அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குரலை அப்படியே தள்ளி வைத்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்தால் அங்கே இன்னொரு முழுப் பாட்டு இருக்கிறது. குரல் நிற்கிற இடத்தில் அது நகரும், குரல் ஏறும்போது அது எதிர்ப்பக்கம் இறங்கும். ராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மேற்கத்தியக் குறிமுறையில் தானே எழுதிக் கொடுப்பவர். அந்த பேஸ் வரிகளும் அவர் பேனாவிலிருந்து வந்தவை. அவற்றைப் பல வருஷம் வாசித்த சசிதரனின் விரல்களுக்கு நாங்கள் வீட்டில் கோவில் கட்டாத குறை.

அந்த வரிகளைப் பிடிப்பது லேசாக இல்லை. நோட்டு கிடைக்காது, ரெக்கார்டு வாங்கக் காசு பத்தாது. இலங்கை வானொலிதான் பள்ளிக்கூடம். பாட்டு எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் ஒரே ஒரு தடவை. வீட்டு டிரான்சிஸ்டரின் ஸ்பீக்கர் உள்ளங்கையளவுதான். 41 அதிர்வில் ஒலிக்கும் இ கம்பியை அதால் எழுப்பவே முடியாது. ஆனாலும் நமக்குக் கேட்கிறது. அந்தச் சுரத்தின் மேல் அடுக்குகளான 82, 123, 164 ஆகியவற்றில் சின்ன ஸ்பீக்கருக்கு எட்டுகிற மேற்பகுதி காதில் விழுந்தாலே, கீழே இல்லாத 41-ஐ மூளை தானே நிரப்பிக்கொள்ளும். சித்தப்பாவுக்கு இந்த விஞ்ஞானம் பெயரோடு தெரியாது. “இல்லாததைக் கேளு பாப்பா” என்பார். ரேடியோவின் பின்பக்கம் இரண்டு ஒயரை இழுத்துப் பெரிய பெட்டியோடு சேர்த்து, பாட்டு வந்ததும் இருவரும் அதில் காதை ஒட்டிக்கொள்வோம். அவர் கையில் பென்சில், பழைய ரயில்வே பாஸ் ஒன்றின் பின்பக்கத்தில் ச ரி க ம என்று குறிப்பார். அவருக்கு மேற்கத்தியக் குறி தெரியாது. விட்டுப்போன இடத்தை நான் முனகிக் காட்டுவேன். அடுத்த தடவை பாட்டு வரும்வரை அந்த ஓட்டை அப்படியே காகிதத்தில் இருக்கும்.

இப்படி வளர்ந்த எனக்கு, ஃபெண்டரை சி.பி.எஸ். வாங்கிய 1965-க்கு முந்தியதா பிந்தியதா என்று வைத்து ஒரு பேஸின் தரத்தை அளக்கிறவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அந்த வருஷத்துக்கு முன் செய்தவற்றில் அருமையான பேஸ்கள் உண்டு, வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன். கழுத்து முறுக்கிக்கொண்ட, எட்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் சுரம் செத்த பேஸ்களும் அதே வருஷங்களில் உண்டு. ஜாகோ பாஸ்டோரியஸ் 1962 ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, பள்ளத்தை அடைத்து, மரத்தின்மேல் படகுக்கு அடிக்கிற எபாக்ஸியைப் பூசினார். இன்றைய சேகரிப்பாளர் யாராவது பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். 1976-ல் வந்த அவருடைய முதல் ஆல்பம் அந்தக் ‘கெடுத்த’ வாத்தியத்திலிருந்துதான் பிறந்தது. பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய வயலின் வடிவ ஹோஃப்னர், கைக்கு அடங்கிய விலைக்குக் கிடைத்தது என்பதற்காக வாங்கியது. 1972-ல் திருட்டுப் போய், அரை நூற்றாண்டு கழித்து அவரிடம் திரும்பிய செய்தி 2024-ல் வந்தபோது நான் கண் கலங்கினேன். அந்த மெல்லிய பெட்டிக்குள் அவர் விரல் இருந்த வருஷங்களுக்காக.

ஹோஃப்னரும் எங்கள் ஜப்பான் பேஸும் குட்டைக் கழுத்துக்காரர்கள். கம்பி நீளம் 30 அங்குலம், ஃபெண்டரில் 34. இதை மட்டம் என்று பேசுவார்கள். எனக்கு அது வரம். சின்னக் கை எட்டியது. நீளம் குறைந்தால் கம்பி தளர்வாகவே சுருதிக்கு வரும், ஒலியும் உருண்டு, கொஞ்சம் சோம்பலாக இறங்கும். மெல்லிசைக்கு அதைவிடப் பொருத்தம் எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளின் கடைசியில் கீபோர்டுகள் வந்தன. இடது கையிலேயே பேஸ் வாசித்துவிடலாம், ரிதம் பெட்டியும் உள்ளேயே இருக்கிறது. குழுவில் ஆள் குறைந்தால் பங்கு கூடும். கூப்பிடுவது மெல்ல மெல்லக் குறைந்தது. சித்தப்பா அதற்காக யாரையும் திட்டவில்லை. கீபோர்டுக்காரப் பையனிடம், “சுரத்தை எடுக்கிற நேரம் முக்கியம் தம்பி, கை வைக்கிறது யாருக்கும் வரும்” என்று சொல்லிக் கொடுத்தார். அந்த நாட்களில்தான் பேஸின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்பில் கம்பி அறுந்து ஒலி நின்றது. முடியளவு மெலிந்த எனாமல் செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. கைத்துளைப்பானைக் குறட்டில் பிடித்து, அதன் பல்லில் பாபினை மாட்டி, நான் சுற்ற, அவர் இரண்டு விரல் இடுக்கில் கம்பியைத் தொட்டும் தொடாமலும் விட்டுக்கொண்டே வந்தார். இறுக்கினால் அறும், தளர்ந்தால் சுருளில் பிசிறும். இரண்டு முறை அறுந்து, ஈயம் வைத்து ஒட்டித் தொடர்ந்தோம். இன்று அதை வாங்க வருகிறவர்கள் பிக்கப் அசல் இல்லையே என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். அசலைவிட அது நன்றாக ஒலிக்கிறது. ஆம்பில் கண்டன்சர்களையும் நான் மாற்றிவிட்டேன். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் உள்ளே காய்ந்துவிடும். பழமைக்காக அதை அப்படியே விட்டால், ஒருநாள் அந்த லால்குடி டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் யாரும் தொடக் கூடாது.

போன வருஷம் பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பழைய பி.இ.எல். வால்வுகள் தேடிக்கொண்டு வந்தவர். ஆம்பை விலைக்குக் கேட்டார். சித்தப்பா விலை பேசாமல் பேஸை எடுத்து நீட்டினார். பையன் கொண்டுவந்த பழக்கத்தில் விறுவிறுவென்று வாசித்தார். நல்ல கை. சித்தப்பா ஸ்பாஞ்சைச் செருகிவிட்டு, டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, “இப்ப பாதி சுரத்தை விட்டுட்டு வாசிங்க தம்பி” என்றார். சாயங்காலம்வரை போயிற்று. அடுத்த மாதம் அந்த இளைஞர் தன் சொந்த பேஸில் ஃப்ளாட்வவுண்ட் மாட்டிக்கொண்டு வந்தார். ஆம்ப் விற்பனைக்கு இல்லை, அதே மாதிரி ஒன்று கட்டித் தருவதாக ஏற்பாடு. சித்தப்பாவின் விரல் இப்போது நடுங்குகிறது, ஈயம் வைப்பது நான்தான். டிரான்ஸ்ஃபார்மருக்குத் தகடு சேர்த்தாகிவிட்டது. பெட்டிக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட் சொல்லியிருக்கிறோம். பின்பக்கம் திறந்ததா மூடியதா என்பதில் எனக்கும் அவருக்கும் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது.